வாசகர் கேள்வி – பதில்: பண்டிகை சபையுடையதா, பொதுவெளியுடையதா?

டிசம்பர் நெருங்கும்போது இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். பல மதத்தவரும் எம்மதமும் சாராதவரும் சேர்ந்து வாழும் பொதுவெளியில் கிறிஸ்தவர்கள் தங்கள் திருநாள்களை எப்படி ஆசரிப்பது என்று இம்முறை பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஆண்டுதோறும் தரப்பட்டுவந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை, இப்போது ‘பண்டிகைக்கால வாழ்த்துகள்’ என்ற பொதுவான வாசகத்தோடு வருகிறது. யார் அப்படி வாழ்த்தினாலும் ‘கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்’ என்று அழுத்திச் சொல்லித் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் அது ஆண்டவரை மறுதலிப்பதாகும் என்று எங்கள் சபையில் சிலர் சொல்கிறார்கள். அப்படித் திருத்த எனக்கு மனம் உறுத்துகிறது. இது விசுவாசக் குறைவா, ஐயா?

பதில்: இல்லை, சகோதரி. அந்த உறுத்தல் நல்ல மனச்சாட்சியின் குரல் என்றே எண்ணுகிறேன். மறுதலித்தல் என்பது திருமறையில் மிகக் கனமான சொல். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவிடம், நீயும் அவருடைய சீடர்களில் ஒருவன்தானே என்று நேருக்கு நேர் கேட்டார்கள். அவர் இல்லை என்றார். அதுதான் மறுதலிப்பு. உங்கள் மேசைக்கு அட்டையோடு வந்தவர் அப்படியொரு கேள்வியைக் கேட்கவில்லை. உங்களுக்கு நல்லது நடக்கட்டும் என்று வாழ்த்தினார், அவ்வளவுதான். அந்த வாழ்த்தைத் திருத்துவதால், வாழ்த்தியவர் தேர்வில் தவறிவிட்ட மாணவரைப்போல் நிற்க நேர்கிறதே தவிர, அவருக்குக் கிறிஸ்துவைப் பற்றி எதுவும் தெரியவருவதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நானே இப்படித் திருத்தியிருக்கிறேன். உடன் பணிபுரிந்த ஒருவர் இரு கைகளாலும் ஓர் அட்டையை நீட்டி வாழ்த்தினார். அதன் மேலட்டையில் பொதுவான வாசகம் இருந்ததைப் பார்த்ததும், இந்த நாளுக்கு ஒரு பெயர் உண்டு என்று சொன்னேன். அவர் முகம் சட்டென்று வாடியது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். பிறகுதான் அட்டையைத் திறந்தேன். என் பிள்ளைகளின் பெயர்களை ஒன்றுவிடாமல், எழுத்துப்பிழை இல்லாமல், தம் கைப்பட உள்ளே எழுதியிருந்தார். அந்த வருத்தம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

அதே நேரத்தில், இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு தவறு இருக்கிறது. சிலர் திருநாளுக்கு விடுப்பு எடுக்கும்போது ‘சொந்த வேலை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆலயத்துக்குப் போவதை யாரிடமும் சொல்லாமல் மறைக்கிறார்கள். நம்மிடம் உள்ள நம்பிக்கையைக் குறித்து விசாரிப்பவருக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுருவின் முதல் நிருபம் சொல்கிறது. அந்தச் சாந்தம் விட்டுப்போகக் கூடாது. பதிலும் விட்டுப்போகக் கூடாது. ‘நன்றி, உங்களுக்கும் என் வாழ்த்துகள், எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறோம், நேரம் கிடைத்தால் நீங்களும் வாருங்கள்’ என்று மலர்ந்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். அதில் திருத்தலும் இல்லை, ஒளித்தலும் இல்லை.

கேள்வி: பொது நிர்வாகக் கட்டடம் ஒன்றின் முகப்பில் ஒவ்வோராண்டும் வைக்கப்பட்ட கிறிஸ்து பிறப்புக் குடில், அரசு மதச்சார்பற்றது என்ற காரணம் காட்டி நிறுத்தப்பட்டுவிட்டது. வழக்குத் தொடர்வதற்காகச் சபையாரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் கையெழுத்திட வேண்டுமா?

பதில்: சட்டம் நாட்டுக்கு நாடு மாறும்; ஆகவே வழக்கு வெல்லுமா, தோற்குமா என்பதற்குள் நான் போகவில்லை. வென்றால் நம் கைக்கு வருவது என்ன என்பதை ஆற அமர எண்ணிப் பார்க்கும்படி மட்டும் கேட்கிறேன்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாடக்கெட் நகராட்சி அமைத்த குடிலைப் பற்றிய வழக்கில், 1984-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் குடிலுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. கிறிஸ்தவர்கள் பலர் அதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். ஆனால் அந்தக் குடில் தனியாக நிற்கவில்லை. அதைச் சுற்றிலும் சாண்டா கிளாஸின் வீடு, பனிமான்கள், அலங்கார மரம் எல்லாம் இருந்தன. ஒட்டுமொத்தமாக விடுமுறைக்காலத்தைக் கொண்டாடும் காட்சியில் குடிலும் ஒரு பகுதி என்று கருதப்பட்டதால்தான் அது அனுமதிக்கப்பட்டது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹாரி பிளாக்மன், நகராட்சிக்குக் கிடைத்தது பேரிழப்பில் முடிந்த வெற்றி என்றே சொன்னார். பாலகன் கிடந்த முன்னணையின் பொருளை வெளியே எடுத்துவிட்டு, வணிகக் காலத்தின் அடையாளமாக அதை ஆக்கிவிட்டார்கள் என்பதே அவருடைய கவலை. அடுத்து 1989-இல், பிட்ஸ்பர்க் நகரில் மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் பெரிய படிக்கட்டில், உன்னதத்தில் தேவனுக்கு மகிமை என்ற பொருள்படும் லத்தீன் வாசகத்தோடு தனியாக நின்ற குடில் அரசியலமைப்புக்கு முரணானது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தான் சொல்ல வேண்டியதைச் சொன்ன குடில் வெளியேற வேண்டியிருந்தது. அலங்காரத்தோடு அலங்காரமாகக் கலந்துவிட்ட குடிலுக்கு இடம் கிடைத்தது.

பிரான்சிலும் ஏறக்குறைய இதுவேதான் நடந்தது. அங்கே திருச்சபையையும் அரசையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டடங்களில் மதச் சின்னங்களைத் தடைசெய்கிறது. குடிலுக்குப் பண்பாட்டு, கலை அல்லது விழாத் தன்மை இருந்து, எந்த வழிபாட்டையும் அரசு அங்கீகரிப்பதாகத் தோன்றாமல் இருந்தால், தற்காலிகமாக வைக்கலாம் என்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2016-இல் விளக்கம் தந்தது. அங்கே குடிலை வைக்க வேண்டுமென்றால், அது நம் விசுவாசத்தைப் பேசவில்லை என்று நாமே வாதாட வேண்டியிருக்கும். அப்படி வாதாட என் நாக்கு எழாது.

மறுதரப்பின் வாதத்தையும் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். வெறுமையாக்கப்பட்ட பொதுவெளியும் நடுநிலையானது அல்ல, அதுவும் பிள்ளைகளுக்கு ஏதோ ஒன்றைக் கற்பிக்கிறது, ஒரு சமூகத்தின் நாட்காட்டியே அதன் முதல் பாடப்புத்தகம் என்று ஆழ்ந்து சிந்திக்கும் கிறிஸ்தவர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அரசு கொடுக்கும் நாட்காட்டியை அரசே திரும்ப எடுத்தும்கொள்ளும். டென்மார்க்கில் 1686 முதல் ஆசரிக்கப்பட்டுவந்த பெரிய ஜெப நாள், பாதுகாப்புச் செலவுக்கு நிதி திரட்டுவதற்காக 2024 முதல் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆயர்களின் மறுப்பு எடுபடவில்லை. கியூபாவில் 1969-இல் கரும்பு அறுவடையைக் காரணம் காட்டிக் கிறிஸ்துமஸ் விடுமுறையை நிறுத்தினார்கள்; போப் இரண்டாம் ஜான் பால் வருவதற்குச் சற்று முன்பு, 1997-இல்தான் அது திரும்பி வந்தது. இடைப்பட்ட அந்த இருபத்தெட்டு ஆண்டுகளும் கியூபாவின் விசுவாசிகளுக்குக் கிறிஸ்து பிறக்காமல் இருந்துவிடவில்லை.

ஆகவே என் முடிவு இது: அரசுக் கட்டடத்துச் சுவருக்காக நான் கையெழுத்திட மாட்டேன். ஆலய வளாகத்தில் குடில் வைப்பதையோ, ஒரு குடும்பம் தன் வாசலில் நட்சத்திரம் கட்டுவதையோ, ஓர் ஊழியர் தம் திருநாளைப் பெயர் சொல்லிப் பேசுவதையோ யாராவது தடுத்தால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். அப்படித் தடுக்கப்படுபவர் வேறு மதத்தவராக இருந்தாலும் கையெழுத்திடுவேன். மதச்சார்பின்மை அரசின்மேல் சுமத்தப்பட்ட ஒழுங்கு. அது குடிமக்களின் வாய்க்குப் போட்ட பூட்டு அல்ல.

நிறுத்தப்பட்ட குடிலைப் பற்றி ஒரு வார்த்தை. 1223-இல் அசிசி பிரான்சிஸ், கிரேச்சியோ என்ற மலைக்கிராமத்தில் வைக்கோல் பரப்பிய முன்னணையையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டு பிறப்பின் காட்சியை அமைத்தார். அது ஒரு குகை. மக்கள் தீப்பந்தங்களோடு அங்கே ஏறிச் சென்றார்கள். உங்கள் சபையும் தன் வாசலை இரவில் திறந்துவைத்து, குடிலருகே நின்று வருகிறவர்களோடு பேச இருவரை நியமித்தால், நிர்வாகக் கட்டடத்து முகப்பில் ஒருபோதும் சொல்ல முடியாததையெல்லாம் அங்கே தாராளமாகச் சொல்லலாம்.

கேள்வி: என் தம்பி அண்மையில் வேறொரு சபையில் சேர்ந்திருக்கிறான். டிசம்பர் 25 வேதத்தில் இல்லை, அது புறஜாதிப் பண்டிகை, உலகமே கொண்டாடுவதாலேயே அது உலகத்துக்கு உரியது என்று சொல்லி, இந்த ஆண்டு எங்களோடு வீட்டு ஜெபத்தில்கூட உட்கார மாட்டேன் என்கிறான். அம்மா மிகவும் மனமுடைந்திருக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் தம்பி சொல்வதில் சரியானதை முதலில் ஒப்புக்கொள்வோம். நற்செய்தி நூல்களில் பிறந்த தேதி கிடையாது. மூன்றாம் நூற்றாண்டில் திருச்சபை அறிஞர் ஒரிகேன், திருமறையில் தங்கள் பிறந்தநாளைக் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும் போன்றவர்களே என்று சுட்டிக்காட்டினார். டிசம்பர் 25 நமக்கு முதன்முதலில் தெளிவாகக் கிடைப்பது, ரோமில் 354-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட நாட்குறிப்பில்தான். அதிலுள்ள பட்டியல் 336-ஆம் ஆண்டுவரை பின்னோக்கிச் செல்வது. அந்தத் தேதி சூரியப் பண்டிகையிலிருந்து எடுக்கப்பட்டதா, ஆண்டவர் மரித்த நாளையும் கருவில் உருவான நாளையும் ஒன்றாக வைத்து அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணிப் பெறப்பட்டதா என்பதில் அறிஞர்கள் இன்னும் இரு பிரிவாகவே நிற்கிறார்கள். ஆகவே ‘புறஜாதிப் பண்டிகை’ என்று அவர் அடித்துச் சொல்வதை ஏற்க முடியாது. ‘வேதத்தில் கட்டளை இல்லை’ என்று சொல்வதை மறுக்கவும் முடியாது.

அவருடைய மறுப்பு புதியதும் அல்ல. இங்கிலாந்தில், கண்டிப்பான புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்களான பியூரிட்டன்கள் மேலோங்கியிருந்த நாடாளுமன்றம் 1647-இல் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே ஆகிய பண்டிகைகளையே ஒழித்துச் சட்டம் செய்தது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் பெரும்பாலோருக்கு அது நெடுங்காலம் வேலைநாளாகவே இருந்து, 1958-இல்தான் பொது விடுமுறையாயிற்று. கிறிஸ்துமஸை முதலில் பொதுவெளியிலிருந்து விலக்கியவர்கள் கடவுள் மறுப்பாளர்கள் அல்லர். வேதத்தை மிகவும் நேசித்த கிறிஸ்தவர்கள். இதை மறந்துவிட்டு உங்கள் தம்பியை அவிசுவாசி என்று ஏசாதீர்கள். அதே சீர்திருத்த மரபில், 1566-இல் சுவிட்சர்லாந்தில் வெளியான விசுவாச அறிக்கை, கிறிஸ்தவச் சுதந்திரத்தோடு ஆண்டவரின் பிறப்பையும் பாடுகளையும் உயிர்த்தெழுதலையும் நினைவுகூரும் சபைகளை மனமார ஆதரித்தது என்பதை அவரும் மறக்கக் கூடாது.

என் மனம் சாய்வது கொண்டாடும் பக்கம். யோவான் பத்தாம் அதிகாரத்தைத் திறந்துபாருங்கள்: ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை நடந்தது, அது மாரிக்காலம், இயேசு சாலொமோனின் மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் அந்தப் பண்டிகைக்குக் கட்டளை இல்லை. மக்கபேயர் என்ற யூதத் தலைவர்களின் காலத்தில், கி.மு. 164-இல் ஆலயம் தூய்மையாக்கப்பட்டதை நினைவுகூர மக்களே ஏற்படுத்திக்கொண்ட திருநாள் அது. ஆண்டவர் அதைக் கண்டிக்கவும் இல்லை, அங்கே போகாமல் தவிர்க்கவும் இல்லை.

ஆனால் உங்கள் வீட்டின் சிக்கல் தேதியில் இல்லை, ஒரே கூரையின்கீழ் இரண்டு மனச்சாட்சிகள் இருப்பதில்தான் இருக்கிறது. ரோமர் 14-இல் பவுல் இதையே பேசுகிறார். ஒருவர் ஒரு நாளை மற்ற நாளைவிட உயர்வாக எண்ணுகிறார், இன்னொருவர் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறார். அவரவர் தம் மனதில் உறுதியாய் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, உன் சகோதரனை ஏன் தீர்ப்பிடுகிறாய், ஏன் அற்பமாய் எண்ணுகிறாய் என்று இரு தரப்பையும் கேட்கிறார். கொண்டாடாதவர் தீர்ப்பிடும் சோதனையிலும், கொண்டாடுபவர் இளக்காரமாய்ப் பார்க்கும் சோதனையிலும் விழுகிறார்கள். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப் ரோமுக்குச் சென்று, ஈஸ்டரை எந்த நாளில் ஆசரிப்பது என்பதைப் பற்றி அங்கிருந்த ஆயர் அனிசேதுவோடு பேசினார். ஒருவரையொருவர் இணங்கவைக்க முடியவில்லை. இருந்தும் தம் சபையில் திருவிருந்தை நடத்தும் கனத்தை அனிசேது பொலிகார்ப்புக்குக் கொடுத்தார், சமாதானமாகப் பிரிந்தார்கள்.

உங்கள் அம்மாவிடம் இந்த நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். தம்பி 25-ஆம் தேதி ஜெபத்துக்கு உட்காரவில்லையென்றால், வேறொரு நாளில் குடும்ப ஜெபத்தை அவரையே நடத்தச் சொல்லுங்கள். அன்று வாசிக்கும் பகுதியையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: ‘எக்ஸ்மஸ்’ என்று எழுதுவது கிறிஸ்துவின் பெயரை அடித்துவிடும் சதி என்று ஒரு செய்தி சுற்றிவருகிறது. உண்மையா?

பதில்: உண்மையல்ல. கிரேக்கத்தில் ‘கிறிஸ்து’ என்ற பெயரின் முதல் எழுத்தான ‘கீ’, பார்வைக்கு ஆங்கிலத்தின் எக்ஸ் எழுத்தைப்போலவே இருக்கும். அந்த எழுத்தையே ஆண்டவரின் பெயருக்குச் சுருக்கமாகக் கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாக எழுதிவந்திருக்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் முழுப்பெயரையும் எழுதுங்கள். ஆனால் அந்தச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை பண்டிகைக் காலத்துக்கும் பொருந்தும்.

கேள்வி: விசுவாசமே இல்லாதவர்கள் மரம் வைத்து, பரிசு கொடுத்து, மாதம் முழுதும் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். கடைகள் எங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. எங்கள் பண்டிகையைப் பறிகொடுத்துவிட்டதாகவே உணர்கிறேன். இவர்களோடு சேர்வதா, விலகுவதா?

பதில்: மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதியதை வாசித்தால், அன்றைய நிலைமை இதற்குத் தலைகீழாக இருந்தது தெரியும். கிறிஸ்தவர்கள் ரோமரின் சட்டர்னாலியா என்ற டிசம்பர்ப் பண்டிகையிலும் ஜனவரிப் பரிசுகளிலும் போய்க் கலந்துகொள்கிறார்கள், ஆனால் புறமதத்தவரோ நம் கர்த்தருடைய நாளையும் பெந்தெகொஸ்தேயையும் தெரிந்திருந்தால்கூட, கிறிஸ்தவர் என்று தோன்றிவிடுமோ என்ற அச்சத்தில் நம்மோடு கலந்திருக்க மாட்டார்கள், தங்கள் மதத்துக்கு அவர்களே அதிக உண்மையாயிருக்கிறார்கள் என்று அவர் மனம் நொந்து எழுதினார். அவருடைய கண்டிப்பு எனக்கு அளவுக்கு மிஞ்சியதாகத் தோன்றினாலும், அவர் கை வைத்த இடம் சரியானது. அவருடைய புகார் அடுத்தவரைப் பற்றியதல்ல, நம்மைப் பற்றியது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் வருகைக்காலம். காத்திருப்பதற்கும் மனந்திரும்புதலுக்கும் திருச்சபை ஒதுக்கிய நாள்கள் அவை. அந்த நாள்களைக் கடைகள் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, நாமே கைவிட்டோம். டிசம்பர் முதல் வாரத்திலேயே கொண்டாட்ட நிகழ்ச்சிகளை வைத்து, 24-ஆம் தேதி இரவுக்குள் களைத்துப்போய், 26-ஆம் தேதி காலையில் அலங்காரங்களைப் பெட்டியில் அடைத்துவிடும் சபைகளை நான் பார்த்திருக்கிறேன். ஓர் ஆண்டு அப்படியொரு காலையில் வெறும் மேடையில் முன்னணை மட்டும் மிஞ்சியிருந்தது. பெட்டியில் அடங்காததால் அதை விட்டுவைத்திருந்தார்கள். அதன் வைக்கோலைப் பெருக்கிக்கொண்டிருந்த முதியவரோடு நெடுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பறிகொடுத்தோம் என்ற உங்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் கைவிட்டதைப் பிறர் திருடிவிட்டதாகச் சொல்வது நியாயமில்லை.

சேர்வதைப் பற்றிப் பவுலின் வழிகாட்டல் போதுமானது. அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்து, போக மனமிருந்தால் போய், மனச்சாட்சிக்காக ஒன்றையும் விசாரியாமல் முன்வைத்ததைச் சாப்பிடுங்கள். இது சிலைக்குப் படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச்சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காகத் தவிர்த்துவிடுங்கள் என்று 1 கொரிந்தியர் 10 சொல்கிறது. வழிபாட்டில் பங்கெடுப்பதையும் மேசையில் உட்காருவதையும் அவர் வேறுபடுத்திக் காட்டுகிறார். கிறிஸ்துவை அறியாமலே அவர் பிறப்பின் பேரில் மகிழ்கிறவரை வாசலில் நிறுத்தி விசாரிக்கும் வேலை நமக்குக் கொடுக்கப்படவில்லை.

கேள்வி: நான் மருத்துவமனையில் பணிபுரிகிறேன். இந்த ஆண்டு 24 இரவும் 25 இரவும் எனக்குத்தான் பணி. விடுப்பு கேட்பது என் உரிமையா, அல்லது பொறுத்துக்கொள்வதே கிறிஸ்தவ நெறியா?

பதில்: கேட்பது உங்கள் உரிமை. மத அடிப்படையிலான சகிப்பின்மையை ஒழிப்பதற்காக ஐ.நா. பொதுச்சபை 1981-இல் வெளியிட்ட பிரகடனம், தம் மதத்தின்படி ஓய்வுநாள்களையும் திருநாள்களையும் ஆசரிப்பதை மத உரிமையின் ஒரு பகுதியாகவே குறிப்பிடுகிறது. ஞாயிறு வேலைக்கு வர மறுத்த அஞ்சல் ஊழியர் ஒருவரின் வழக்கில், 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஊழியரின் மத ஆசரிப்புக்கு இடந்தர மறுக்கும் நிர்வாகம், அதனால் தன் தொழிலுக்குக் கணிசமான கூடுதல் சுமை நேரும் என்று காட்டியாக வேண்டும் என்றது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பணியாளர் சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் விடுப்பின் விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார். வார்டில் நோயாளிகள் இருக்கிறார்கள், ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும். ஆகவே அடுத்த ஆண்டு பணிப்பட்டியல் தயாராவதற்கு முன்பே, வேறு மதத்தைச் சேர்ந்த சக ஊழியரிடம் நீங்களாகப் போய், உங்கள் திருநாளில் உங்கள் பணியை நான் பார்க்கிறேன், என் திருநாளில் என் பணியை நீங்கள் பாருங்கள் என்று பேசிவையுங்கள். நான் அறிந்த ஒரு செவிலியர் பல ஆண்டுகளாக இப்படியே செய்துவருகிறார். அவருடைய பணிக் குறிப்பேட்டின் பின்னட்டையில் உடன் பணிபுரிவோரின் திருநாள்களெல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கும்.

இந்த ஆண்டுக்கு உங்கள் போதகரிடம் சொல்லி, பணி தொடங்குமுன் வீட்டிலேயே நற்கருணை பெற வழிசெய்யுங்கள். பழைய வழக்கப்படி கிறிஸ்துமஸ் ஒரே நாளில் முடிவதும் இல்லை. டிசம்பர் 25 தொடங்கி ஜனவரி 5 வரை பன்னிரண்டு நாள்கள் அது நீடிக்கிறது. நீங்கள் பணி முடித்து வீடு திரும்பும் 26-ஆம் தேதி காலை அதன் இரண்டாம் நாள்தான். குடிலைக் கலைக்காமல் வைத்திருக்கும்படி பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.